அப்பா தேர்ந்தெடுத்த கடற்கரை

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகிறார்களாம். கணவனும் மனைவியுமாகக் கைபேசியை வைத்துக்கொண்டு எந்தக் கரையில் மணல் சுத்தம், எங்கே அலை குறைவு, எங்கே பொரித்த மீன் நன்றாயிருக்கும் என்று ஒரு வாரமாக ஆராய்ச்சி. முகம் தெரியாத ஆட்களெல்லாம் அதில் மார்க் போட்டு வைத்திருக்கிறார்கள். நேற்று அந்தப் பெண் என்னிடமும் வந்து, "டீச்சர், உங்க ஊர்ப் பக்கம் எந்தக் கடற்கரை நல்லாயிருக்கும்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். கிழவிக்குக் காதும் போயிற்று என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

இதை என் வயதுக்காரர்களான உங்களிடம்தான் சொல்ல முடியும். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது யுத்தம் நடந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் இருட்டோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். ஒரு வகை இருமல் வீட்டுக்குள் வந்துவிட்டால் அதன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அதற்கு ஊசியும் மாத்திரையும் அப்போது நம் பக்கம் வந்திருக்கவில்லை. இதையெல்லாம் இளசுகளுக்கு விளக்கிச் சொல்வதற்கே பாதி ஆயுள் வேண்டும். நமக்கு மிச்சம் இருப்பது அவ்வளவு இல்லை.

எங்கள் ஊர் நாசரேத்துக்குப் பக்கம். ஊரைச் சுற்றிச் செம்மண் தேரி, மேடு மேடாக. மாவு மாதிரி மணல். காற்றடித்தால் எழும்பும், வீட்டுக்குள் வரும், சோற்றில் கிடக்கும். வெள்ளை வேட்டி எங்கள் ஊரில் ஒரு வருடத்துக்கு மேல் வெள்ளையாக இருந்ததில்லை. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். அம்மா ஏரலில் பிறந்தவள், நாசரேத்து போர்டிங்கில் தங்கிப் படித்தவள், சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள். நான் ஒரே பிள்ளை. அப்பாவின் அக்கா, என் அத்தை, கணவனை இழந்து தன் மகளோடு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவள் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு இருமல் வந்தது கிறிஸ்துமஸுக்கு முன்னால். தைப் பிறப்புக்குள் அவள் கோயிலுக்கு வருவது நின்றுபோயிற்று. பின்கட்டு அறையில் படுக்கை. பார்க்க வந்தவர்களையெல்லாம் அத்தை வாசலிலேயே நிறுத்தி, "அசந்து தூங்குதா, எழுப்பாண்டாம்" என்று அனுப்பிவிடுவாள். அம்மா உள்ளே முழித்துக்கொண்டுதான் கிடப்பாள். யார் குரல் என்று என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்பாள். நான் வாயசைத்துச் சொல்வேன். மாதக்கணக்கில் அவளுக்கு மனிதர்கள் என்றால் வாசலில் கேட்கும் குரல்கள்தான்.

டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட விடுமுறையில் கடற்கரையில் கொண்டுபோய் ஒரு மாதம் வைத்திருங்கள், கடற்காற்று நெஞ்சுக்கு நல்லது என்றார். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டதல்லவா? அன்றைக்கே பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார்.

வாத்தியார் வீட்டில் எதையும் சும்மா செய்யமாட்டார்கள். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு, வடக்கே வேம்பாற்றிலிருந்து தெற்கே மணப்பாடு வரைக்கும் ஒவ்வொரு கரையாகத் தொட்டுத் தொட்டுப் பேசினார். அத்தை எதிரில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"தூத்துக்குடில ஆஸ்பத்திரி பக்கம்" என்றார் அப்பா.

"ஏலே, ஒனக்குக் கிறுக்கா? சப்பான்காரன் குண்டு போட்டா மொதல்ல துறைமுகத்துலதான போடுவான். அங்கன உள்ளவனே மூட்டைய கட்டிக்கிட்டு ஊர்நாட்டுக்கு ஓடி வாரான்."

தூத்துக்குடி போயிற்று. திருச்செந்தூரில் எப்போதும் கூட்டம் என்று அதுவும் போயிற்று. காயல்பட்டினத்தில் அப்பாவுக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் இருந்தார். வருடா வருடம் பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்குப் பலகாரம் அனுப்புகிறவர். தெரிந்தவர் இருக்கிறார் என்பதற்காகவே அந்த ஊரும் வேண்டாமென்று ஆயிற்று. அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பின்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மணப்பாட்டுக்குப் போவோம்."

மணப்பாடு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் மலை, அதன் உச்சியில் கோயில். மே மாதத்தில் எங்கள் பக்கத்து மிஷன் குடும்பங்கள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு அங்கேதான் போகும். காலையில் குளிப்பு, சாயங்காலம் பெண்களெல்லாம் மணலில் வட்டமாக உட்கார்ந்து பேச்சு, பாட்டு, ஒருத்தி தலையை ஒருத்தி பின்னுவது. அம்மா போர்டிங் பிள்ளையாக ஒருமுறை அங்கே போயிருக்கிறாள்.

அப்பா அட்லஸிலிருந்து தலையை எடுக்காமல், "அது ரோமான்காரங்க ஊரு. பொழுதன்னைக்கும் மணி அடிப்பாக. நீ எப்பிடி ஓய்வெடுப்ப?" என்றார்.

"மணி அடிச்சா அடிக்கட்டுமே. இந்தக் கரைல மணி அடிக்காத ஊரு எது?"

அது உண்மைதான். கடற்கரை நெடுகக் கத்தோலிக்கர்களின் கோயில்கள்தான், நாங்கள் வேறு சபை. அத்தைதான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அங்கன நம்ம ஆளுக பூராவும் வருவாகலே. இவ இருமுதத ஒருத்தி கேட்டா போதும். எம்மவளுக்கு எவன் வாரான்?"

தாழ்த்திச் சொன்னாலும் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அவள் கதவுக்குப் பின்னாலிருந்து, கோபமே இல்லாத குரலில் சொன்னாள். "எனக்கு வேண்டியது காத்து இல்ல. ஆளு."

அப்பா எழுந்து போய்க் கதவை மெல்லச் சாத்தினார். இருமல் வந்துவிடும், பேசாதே என்றார். அன்று சாயங்காலம் என்னை உட்காரவைத்து ஒரு படம் வரைந்து காட்டினார். ஒரு பக்கம் நிலம், ஒரு பக்கம் கடல், மேலே சூரியன். பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும். சூடான காற்று மேலே போகும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று கரைக்கு வரும். கடலிலிருந்து கரைக்கு ஓர் அம்பு போட்டார். "எந்தக் கரையா இருந்தாலும் இதே காத்துதான். அதனால எந்தக் கரைக்குப் போறோம்கிறது முக்கியமே இல்ல, என்ன?" நான் பெருமையாகத் தலையாட்டினேன். என் அப்பாவைப் போல் படித்தவர் உண்டா என்று நினைத்தேன்.

அப்படித் தேர்ந்தெடுத்த கரை திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். பெயரைச் சொல்லமாட்டேன். இன்றைக்கும் அங்கே ஆட்கள் நன்றாக வாழ்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் ஆட்கள் யாரும் எட்டிப் பார்க்காத ஊர் என்பதுதான் அதன் ஒரே சிறப்பு.

வில்வண்டியில் தேரி வழியாகப் போனோம். மணலில் சக்கரம் புதைந்து புதைந்து எழுந்தது. அத்தை வரவில்லை, மகளுக்குத் துணை இருந்துகொண்டாள். அப்பா தலைமை ஆசிரியரிடம் இரவல் வாங்கிய கித்தான் நாற்காலி வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்தது. அம்மாவுக்குத் துப்புவதற்கென்று மூடிபோட்ட எனாமல் கோப்பை ஒன்று இருந்தது. வெள்ளை, விளிம்பில் நீலக் கோடு. எதிரே வண்டி வந்தால் அப்பா தன் துண்டை எடுத்து அதன்மேல் போட்டுவிடுவார். வண்டி கடந்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். நோயை மறைத்த துண்டையே தோளில் போடலாமா என்று நினைக்கத் தோன்றவில்லை அவருக்கு. பயம் வேறு எதையோ பற்றியது.

வீட்டுக்காரி கடற்கரைப் பெண், கணவன் இல்லாதவள், கழுத்தில் ஜெபமாலை. சாவியைக் கொடுக்கும்போது, "சீக்காளி யாரும் உண்டுமா ஐயா?" என்று கேட்டாள்.

"வெயிலு ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்றார் அப்பா. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். காது மடல் சிவந்துபோயிற்று.

முதல் சில நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா நாற்காலியை அலைக்கு எதிரே, கிழக்குப் பார்த்துப் போடுவார். பகலில் கடலிலிருந்து மெதுவாகக் காற்று வரும். அம்மா அவித்த கிழங்கும் சாளை மீனும் விரும்பிச் சாப்பிட்டாள். ஈர மணலில் என் காலை வைக்கச் சொல்லி, அந்தத் தடத்தைத் தண்ணீர் அழிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தியா, படத்துல போட்டம்லா" என்று அப்பா என்னிடம் கண்ணடித்தார். அவர் கண்ணடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தெற்கே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், மணப்பாட்டு மலை தெரிந்தது. உச்சியில் வெள்ளையாக ஒரு பொட்டு, அதுதான் கோயில். அம்மா என்னிடம் அதைக் காட்டிச் சொல்வாள். அந்த மலை மேலிருந்து அவளும் அவளுடைய சிநேகிதியும் கைகோத்துக்கொண்டு உருண்டு வந்தார்களாம். பாவாடை நிறைய மணல். போர்டிங் வார்டன் அம்மாள் இரண்டு பேரையும் முட்டி போட வைத்தாளாம். அந்தச் சிநேகிதியை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் மனைவி. நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். எங்கள் வாசலில் அத்தை அதிகமாகத் திருப்பி அனுப்பியது அவளைத்தான்.

"அவளும் இப்ப அங்கனதான் இருப்பா" என்பாள் அம்மா. "சாயங்காலம் பாடுவாக. காத்து நின்னா கேக்கும் பாரு." எனக்கு அலைச் சத்தம்தான் கேட்டது. ஆனாலும் கேட்கிறது என்று சொன்னேன்.

பிறகு கச்சான் எழும்பியது. தென்மேற்கேயிருந்து அடிக்கும் காற்றுக்குக் கடற்கரைக்காரர்கள் வைத்த பெயர் அது. எழும்பினால் மாதக்கணக்கில் ஓயாது என்று பிறகு தெரிந்தது. காலையில் கண்ணைத் திறந்தபோது வீட்டுக்குள் எல்லாமே சிவப்பாக இருந்தது. தண்ணீர்ப் பானையின் மூடி, தலையணை, அம்மாவின் புருவம் எல்லாம் சிவப்பு. எங்கள் ஊர்த் தேரி மணல்தான். எந்த மண்ணைவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தோமோ அது எங்களைத் தேடிக்கொண்டு கடல் வரைக்கும் வந்துவிட்டது.

அப்பா வாசலில் நின்று கடலைப் பார்த்தார். அலையின் உச்சியைக் காற்று பிய்த்துப் பிய்த்து உள்ளே கொண்டுபோயிற்று. கரையிலிருந்து கடலுக்கு. "இப்பிடி வீசாதே" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். பகலில் கடலிலிருந்துதானே வரவேண்டும்? சூரியன் ஏறட்டும், சரியாகிவிடும் என்றார். சூரியன் ஏற ஏறக் காற்றும் ஏறியது. மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி வைத்துக் கட்டினார். தட்டி பறந்தது. திரும்பக் கட்டினார். பாடப் புத்தகத்தில் தப்பு இருக்க முடியாது என்று நம்பிய மனிதர், இரண்டு நாள் காற்று, இரண்டு நாள் காற்று என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு இருமினாள். தலைப்பை எடுத்தால் அதிலும் சிவப்பு. எது மண், எது மண் இல்லை என்று பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்காரி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏளா, ஒங்கம்மா கோப்பைய கெணத்தடில கழுவாத. அங்கன தள்ளி மணல்ல குழி தோண்டிக் கழுவிட்டு மூடிரு. எங்க பிள்ளைகளும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கி."

"அம்மாவுக்கு வெயிலு ஒத்துக்கல" என்றேன், அப்பா சொல்லித்தந்தபடி.

"ஆமா, ஆமா" என்றாள் அவள். "எம்புருசனுக்கும் வெயிலுதான் ஒத்துக்காம போச்சு."

வந்த நாளிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் துண்டைப் போட்டு மூடுவதை நிறுத்தியிருக்கமாட்டார்.

அந்த நாட்களில் அம்மா நாற்காலியைத் தெற்கே திருப்பிப் போடச் சொல்வாள். காற்று பக்கவாட்டில் அறையும். "கெழக்க பாத்து இருந்தா முதுகுல படும், மூஞ்சில படாது" என்று அப்பா கெஞ்சுவார். அவள் கேட்கமாட்டாள். புழுதி இல்லாத சமயத்தில் மலை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு மத்தியானம் அவள் கேட்டாள். நான் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

"வண்டி பிடிச்சா பொழுது சாய முன்ன போயிரலாம்லா?"

"இந்த ஒடம்போடயா?"

"நாளைக்கு இந்த ஒடம்பு இதவிட நல்லாவா இருக்கப்போகுது?"

அப்பா மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகலாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உதடு அப்படித்தான் பிரிந்தது. ஆனால் வந்த வார்த்தை வேறு. "அக்கா மக கல்யாணம் முடியட்டும். அடுத்த வருசம் நாம அங்கனயே போவோம். நீ கேக்க வீட்டப் பிடிச்சுத் தாரேன்."

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கோப்பைக்குள் அடங்காமல் கித்தானிலும் என் கையிலும் பட்டது. அது மண் இல்லை. அப்பா துண்டை எடுத்தார். மூடவில்லை, அவள் வாயைத் துடைத்தார். அவரும் அழுதார். பார்க்க யாருமே இல்லாத கடற்கரை. அவர் தேடிப் பிடித்ததும் அதற்குத்தானே?

மறுநாள் காலையில் வண்டி வந்தது. தெற்கே போவதற்கு இல்லை, வீட்டுக்குத் திரும்ப. வழியெல்லாம் கச்சானுக்கு எதிர்முகம். அம்மாவின் முகத்தை என் மடியில் கவிழ்த்து வைத்து, குடையை விரித்து மறைத்துக்கொண்டு வந்தேன். குடை தேரியில் எங்கோ பறந்துபோயிற்று. நாற்காலி கடற்கரையிலேயே நின்றுவிட்டது. அது எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே அம்மா போய்விட்டாள்.

அடக்கத்துக்கு வந்த சனத்தை வீடு கொள்ளவில்லை. உயிரோடு இருந்தபோது வாசலோடு திரும்பிய அத்தனை பேரும் அன்று பின்கட்டு அறை வரைக்கும் வந்தார்கள். அத்தை ஒருவரையும் தடுக்கவில்லை. இனிமேல் இருமல் சத்தம் கேட்காது.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு கம்பவுண்டர் வீட்டுப் பெரியம்மா மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். என்னை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன் வாத்தியாரய்யா அவள மணப்பாட்டுக்குக் கூட்டிட்டு வரல?"

அத்தைதான் முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்லம்மா, வெயிலு..."

"எனக்குத் தெரியாதா? அவளுக்கு மருந்து கலந்து குடுத்தது எங்க வீட்டுக்காரருதான? எனக்கென்ன, எல்லாருக்குந்தான் தெரியும். தெரிஞ்சுதான் அவளுக்குன்னு ஒரு வீட்ட பிடிச்சு வச்சிருந்தோம். கடசி வீடு. ஜன்னலு கடலப் பாத்து இருக்கும். கட்டிலும் போட்டாச்சு. முறை வச்சுப் பாத்துக்கிடணும்னு பொம்பளைக எல்லாரும் பேசியாச்சு. வண்டிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் நீங்கதானோன்னு எட்டி எட்டிப் பாத்தோம்." அவள் மூக்கைச் சிந்தினாள். "மாசம் முடியிற வரைக்கும் அந்த வீட்ட ஒருத்தருக்கும் கொடுக்க விடலையே நான்."

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் மகளுக்கு அந்த வருடமே கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளையின் தாயாரும் அந்த மே மாதம் மணப்பாட்டில்தான் இருந்தாளாம், முறை வைத்தவர்களில் அவளும் ஒருத்தி. அதைப் பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று அப்பா பெரியம்மாவிடம் கேட்டது இதுதான். "அங்கன கச்சான் அடிக்கலயா?"

"அடிக்கத்தான் செஞ்சுது. நாங்க இருக்கது வடபக்கம்லா. மலை மறைச்சிரும். ஒரு பொட்டு மண்ணு வராது."

"பகல்ல கடல்ல இருந்துதான் காத்து வரணும்" என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பெரியம்மா அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்துபோனாள்.

அப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். எனக்கு இந்த வயதிலும் அவர்மேல் கோபம் தீரவில்லை, இனித் தீரவும் தீராது. தலைமை ஆசிரியருக்கு வேறு நாற்காலி வாங்கிக் கொடுத்தார். எனாமல் கோப்பையை எங்கே புதைத்தார் என்று தெரியாது. நாங்கள் அதற்கப்புறம் கடற்கரைப் பக்கமே போகவில்லை. அட்லஸ் மட்டும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போயிற்று. பென்சில் கோடுகளை அழித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

சில வருடங்கள் கழித்து நான் அவர் வகுப்புக்கே போனேன். ஒரு நாள் அந்தப் பாடம் வந்தது. அவர் கரும்பலகையில் நிலத்தை வரைந்தார், கடலை வரைந்தார், மேலே சூரியனைப் போட்டார். அம்பு போடவேண்டிய இடத்தில் சாக்கட்டியை வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். பிள்ளைகள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்வார், எங்கள் பக்கம் மே மாதத்தில் இப்படி வீசாது என்று ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று இருந்தேன்.

அவர் கடலிலிருந்து கரைக்கு அம்பைப் போட்டார்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. நானும் அப்படியே போட்டேன். முழு மார்க் கொடுத்திருந்தார்.